புடிக்கல

வெள்ளிவிழா தம்பதிகள் எல்லாரும் ஆளுக்கொரு படம் அனுப்ப வேண்டும் என்று கேரன் வாட்ஸ்அப்பில் போட்ட நாளிலிருந்து மாரிஸுக்குத் தூக்கம் சரியில்லை. அதற்கு முன்னால் மட்டும் என்ன வாழ்ந்ததாம்? போர்ட் கிள்ளானில் கன்டேனர் டிப்போ வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாற்றி மாற்றிப் போட்டு மனுஷனைப் பிழிந்து காயப்போட்டுவிட்டார்கள். கேட்டில் நின்று லோரி லோரியாகக் கன்டேனர் நம்பரைப் படித்துப் படித்து, வீட்டுக்கு வந்தால் மனைவி முகத்தில்கூட நம்பர் தெரிகிற நிலைமை. ஆனால் இந்தத் தூக்கமின்மை வேறு ரகம்.

கேரன் மாதா கோயில் கமிட்டியில் இருப்பவள். நல்ல பெண்தான், ஆனால் ஒரு காரியத்தைப் பிடித்தால் விடமாட்டாள். "அங்கிள், புது போட்டோ மட்டும்தான். கல்யாண போட்டோ வேணாம். போன வருஷம் எல்லாரும் அதையே அனுப்பிட்டாங்க, மாப்பிள்ளைங்க எல்லாம் மீசையோட ஒரே மாதிரி இருந்தாங்க. பூசையில பெரிய ஸ்கிரீன்ல போடப்போறோம்," என்று வாய்ஸ் மெசேஜ் வேறு.

புதுப் படத்துக்கு எங்கே போவான் மாரிஸ்? மனைவி சாந்தமேரி கேமராவுக்கு முகம் காட்டி நாலு வருஷம் ஆகிறது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். கோப்பி வாயோரமாக வழிந்தது. துடைத்தாள், மறுபடி வழிந்தது. கண்ணாடியில் போய்ப் பார்த்தால் இடது பக்க முகம் வேலைநிறுத்தம் செய்திருந்தது. முகவாதம், மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். முக்கால்வாசி சரியானது. மீதி அப்படியே நின்றுவிட்டது. இடது வாயோரம் கொஞ்சம் தொங்கும், இடது கண் முழுசாக மூடாது, சிரித்தால் பாதி முகம்தான் சிரிக்கும். மற்ற பாதி யாரோ என்னவோ என்று நிற்கும்.

அது கோவிட் காலம். ஊரே மாஸ்க் போட்டிருந்தது, ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு ஊர் கழட்டியது. சாந்தமேரி கழட்டவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் கவுன்டர் வேலை அவளுக்கு. அங்கே மாஸ்க் போட்டால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. கொமுட்டர் ரயிலில் போட்டாலும் கேட்கமாட்டார்கள். கோயிலில்தான் கேட்டார்கள். "ஆஸ்துமா" என்று சொல்லிவைத்தாள். வாயில் நன்மை அப்பம் வாங்கும்போது ஒரு நொடி கீழே இழுத்து, வாங்கி, மேலே ஏற்றிவிடுவாள். அந்த ஒரு நொடிக்காகப் பின் வரிசையில் உட்காருவாள்.

வீட்டில் மட்டும் கிடையாது. கிள்ளான் ஃப்ளாட்டுக்குள் நுழைந்ததும் சாவி மாட்டுகிற கொக்கியில் மாஸ்க்கையும் மாட்டிவிடுவாள். அந்த முகத்தைப் பார்க்கிற உரிமை உலகத்திலேயே ஒரே ஓர் ஆளுக்குத்தான், அது மாரிஸ். மகன் கேவின் சிங்கப்பூரில் இருக்கிறான். வீடியோ கால் பண்ணினால் போனை மேலே திருப்பிவிடுவாள். பாவம், பையன் நாலு வருஷமாக ஃபேனோடுதான் பேசிக்கொண்டிருக்கிறான்.

இப்படிப்பட்டவளிடம் போய்ப் படம் கேட்க வேண்டும். மாரிஸ் ஒரு வாரம் தள்ளிப்போட்டான். கடைசியில் ஒரு நாள் சாதம் பிசைந்துகொண்டே, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

அவள் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே பெரிய விஷயம். ரசத்தை ஊற்றிவிட்டு, "நீங்க எடுப்பீங்களா, வெளி ஆளா?" என்றாள்.

"நான்தான். வேற யாரு?"

"ஒன்னே ஒன்னுதான். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிஞ்சு வந்து. அதுக்கு மேல எனக்குத் தெம்பு இல்ல."

அந்தப் படம் நன்றாக வந்துவிட்டால் வெள்ளிவிழா பூசைக்கு வருவாள், எல்லாரோடும் பீடத்துக்கு முன்னால் போய் நிற்பாள். வராவிட்டால் அவ்வளவுதான், இனி ஜென்மத்துக்கும் ஃபேன்தான். அவள் அப்படிச் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா? இருபத்தைந்து வருஷம் குடித்தனம் பண்ணியவனுக்கு இதுகூடத் தெரியாதா?

சரி, கேமரா கதைக்கு வருவோம். மாரிஸிடம் ஒரு மிரர்லெஸ் கேமரா இருந்தது, செகண்ட் ஹேண்ட். கூடவே வந்த ஜூம் லென்ஸ் ஒருநாள் பாதி நீண்டு அப்படியே இறுகிவிட்டது. புது லென்ஸ் விலையைக் கேட்டால் தலை சுற்றியது. அப்போதுதான் ஆன்லைனில் இந்த சைனா லென்ஸ் கண்ணில் பட்டது. ஒரு குடும்பம் வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டு எழுந்தால் வருகிற பில்தான் அதன் விலை. முழுக்க இரும்பு, கையில் எடுத்தால் கனம். ஆனால் ஜூம் கிடையாது, முகம் பெரிதாக வேண்டுமா, நீயே நாலு அடி நடந்து கிட்டே போ. ஆட்டோஃபோகஸும் கிடையாது, லென்ஸ் கழுத்தில் இருக்கிற வளையத்தை நீயே திருப்பித் திருப்பித் தெளிவு பிடி.

வந்த அன்றைக்கு மாட்டினான், பட்டனை அமுக்கினான், ஒன்றும் நடக்கவில்லை. ஆத்திரத்தோடு நூறு தரம் அமுக்கினான். லென்ஸுக்கும் கேமராவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம், அதனால் லென்ஸே மாட்டவில்லை என்று கேமரா நினைத்துக்கொள்ளுமாம். மெனுவுக்குள் போய், லென்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எடு என்று ஒரு இடத்தில் சொல்ல வேண்டும். அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

டிப்போவில் கூட வேலை பார்க்கும் லோகன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "என்னா லென்ஸ் லா இது, அண்ணே? ஜூமும் இல்ல, ஆட்டோவும் இல்ல. போன்ல எடுத்துட்டுப் போயிட்டே இருங்களேன்!"

அவனுக்கு என்ன தெரியும்? போனில் எடுத்தால் வாசலில் கிடக்கும் செருப்பு முதல் தெருக்கோடிக் குப்பைத்தொட்டி வரைக்கும் எல்லாமே தெளிவு. இதில் அப்படி இல்லை. லென்ஸின் துவாரத்தை முழுசாகத் திறந்துவிட்டால் ஒரு விரல்கடை ஆழம்தான் தெளிவாக இருக்கும், முன்னும் பின்னும் எல்லாம் பால்போலக் கரைந்துவிடும். மூக்கு நுனியைப் பிடித்தால் கண் போய்விடும். கண்ணைப் பிடித்தால் காது போய்விடும். அந்த ஒரு விரல்கடையைப் பிடிக்கிறதுதான் வேலையே. மாரிஸ் டிப்போ பூனையை எடுத்துப் பழகினான், ஃப்ளாட் படிக்கட்டில் இருந்த செம்பருத்தித் தொட்டியை எடுத்துப் பழகினான். சாளேஸ்வரம் வந்த கண்ணும், ஷிப்ட் முடிந்து நடுங்குகிற கையும் ஒத்துழைக்கவில்லை. பத்து எடுத்தால் ஒன்று தேறும். தேறுகிற ஒன்றைப் பார்த்தால் களைப்பெல்லாம் பறந்துபோகும் என்று சொல்ல ஆசைதான். பறக்காது. ஆனால் களைத்துப்போனதற்கு ஏதோ ஒரு அர்த்தம் இருந்ததுபோலத் தோன்றும்.

சனிக்கிழமை வந்தது. அவள் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்து வந்து, குளித்து, மயில் கழுத்து நிறத்தில் சேலை கட்டி, மல்லிகைகூட வைத்திருந்தாள். பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி. வெளிச்சம் மெத்தென்று விழுந்தது. மாஸ்க் கொக்கியில். மாரிஸ் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"நேரா பாக்கணுமா?"

"லேசா இந்தப் பக்கம். ஆங், அப்படியே இரு."

அவள் அப்படியே இருந்தாள். முதல்நாள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த பிள்ளைபோல இரண்டு கையும் மடியில். அவன் வளையத்தைத் திருப்பினான். தெளிவு விழுகிற இடத்தில் திரையில் சிவப்புக் கோடு ஓடும், அப்படி அமைத்து வைத்திருந்தான். கோடு மல்லிகையில் ஓடியது, மூக்குத்தியில் ஓடியது, கண்ணில் மட்டும் நிற்கமாட்டேன் என்றது. அவன் மூச்சு விட்டாலே நழுவியது. திருப்பினான், பின்னுக்குத் திருப்பினான். நெற்றியில் வியர்த்தது. பூனையிடமும் செம்பருத்தியிடமும் முணுமுணுத்துப் பழகிய வாய் தன்பாட்டுக்கு முணுமுணுத்தது.

"புடிக்கல... சே, புடிக்கலயே... இந்தப் பக்கம் சுத்தமா புடிக்கல..."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கேமராவை இறக்கிப் பார்த்தால் நாற்காலி காலி. அறைக் கதவு சாத்தியிருந்தது. போய்த் தட்டினான்.

"மேரி? என்னாச்சு? தலை சுத்துதா?"

"ஒன்னும் இல்ல. போய்ப் படுங்க."

அன்று சாயங்காலம் அவள் அறையைவிட்டு வெளியே வந்தபோது முகத்தில் மாஸ்க் இருந்தது. வீட்டுக்குள். மாரிஸ் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான். சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டான். அவள் சமையல்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள், வாயைக் கழுவினாள், மறுபடி போட்டுக்கொண்டாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் அவன் கெஞ்சிக் கேட்ட பிறகுதான் சொன்னாள்.

"நீங்களே சொன்னீங்களே."

"நான் என்னா சொன்னேன்?"

"இந்தப் பக்கம் சுத்தமா புடிக்கலன்னு."

மாரிஸுக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியபோது தலையில் அடித்துக்கொண்டான், நிஜமாகவே அடித்துக்கொண்டான். "ஐயோ மேரி! ஃபோகஸ் புடிக்கலன்னு சொன்னேன்! லென்ஸு! அந்த வளையத்தைத் திருப்புறப்ப தெளிவு புடிக்கல, அதைச் சொன்னேன் லா!"

அவள் தலையை ஆட்டினாள். நம்பிய தலையாட்டல் இல்லை அது. கிளினிக்கில் கோபமாக வருகிறவர்களுக்கு ஆட்டுகிற தலை. "பரவால்லங்க. எனக்கும்தான் புடிக்கல. இதுல கோவிக்கிறதுக்கு என்னா இருக்கு?"

இதற்கு மேல் என்ன பேசுவது? அவன் விளக்க விளக்க அது பொய்போலவே ஒலித்தது. சைனா லென்ஸ், விரல்கடை ஆழம், சிவப்புக் கோடு என்று அடுக்கினான். அவனுக்கே கேட்கச் சகிக்கவில்லை. பழைய லென்ஸ் இருந்த காலத்தில் அதுவே தெளிவு பிடித்துக்கொள்ளும், இவன் வாயைத் திறந்ததே கிடையாது. அதனால் இந்தப் பேச்சு அவள் காதுக்குப் புதுசு. நாலு வருஷமாக அவள் மனசுக்குள் யார் வாயிலிருந்தாவது வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்த ஒரு வார்த்தை, கடைசியில் அவள் பயப்படாத ஒரே வாயிலிருந்து வந்துவிட்டது. பாழாய்ப்போன தமிழில் அதற்கும் இதற்கும் ஒரே வார்த்தையாகவா இருக்க வேண்டும்!

கேரன் இரண்டு தரம் கேட்டுவிட்டாள். மூன்றாவது தரம் கேட்டபோது மாரிஸ் இரவு ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தான். யூனிஃபார்மைக்கூடக் கழட்டவில்லை. சட்டையில் பெயர் அட்டை குத்தியபடியே பால்கனிப் பக்கம் இருந்த அந்த நாற்காலியில் பொத்தென்று விழுந்தான். கண் எரிந்தது. சாந்தமேரிக்கு அன்று லீவு. மாஸ்க்கோடு வந்து நின்றாள்.

"கேரன் எனக்கும் மெசேஜ் போட்டுட்டா. இன்னிக்குள்ள அனுப்பணுமாம்."

"நம்ம பேரை எடுத்துடச் சொல்லிடறேன்," என்றான். உண்மையாகவே களைத்துப்போயிருந்தான். "வேணாம் மேரி. உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். நாம பூசைக்கே போக வேணாம்."

அப்படிச் சொன்னதும் அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது. அவன் கோயிலுக்குப் போகாமல் இருந்ததே இல்லை. இரவு ஷிப்ட் முடிந்து தூங்கி வழிந்துகொண்டேகூடப் போகிறவன். "நீங்க ஏன் போகாம இருக்கணும்? உங்க படம் மட்டும் போகட்டும். நான் அனுப்புறேன். உக்காருங்க," என்று போனைத் தேடினாள். போன் சார்ஜ் இல்லாமல் செத்துக்கிடந்தது. மேசையில் கேமரா இருந்தது. "இதுல எதை அமுக்கணும்?"

"மேல இருக்கிற பட்டன். முன்னால வளையத்தைத் திருப்பு, தெளிவானதும் அமுக்கு." அதற்கு மேல் விளக்க அவனுக்குத் தெம்பு இல்லை. கையைத் தொங்கப்போட்டு, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

அவள் கேமராவைக் கண்ணில் வைத்தாள். உடனே எடுத்தாள். "ஒரே பனியா இருக்கு."

"மாஸ்க்ல இருந்து மூச்சு மேல அடிக்குது. பாக்குற கண்ணாடில ஆவி."

சேலைத் தலைப்பால் துடைத்தாள், மறுபடி வைத்தாள், மறுபடி ஆவி. மூன்றாவது தரம் 'ச்சே' என்று மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டு வைத்தாள். மாரிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். பத்து நாளாகப் பார்க்காத முகம். அதில் பாதியைக் கேமரா மறைத்தது, மற்ற பாதிதான் தெரிந்தது. அது தொங்குகிற பாதி.

அவள் வளையத்தைத் திருப்பினாள். முதலில் மெதுவாக, பிறகு படபடவென்று. ஓர் அடி முன்னால் வந்தாள், பின்னால் போனாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்னாங்க இது, வரவே மாட்டேங்குது... இப்ப வருது... ஐயோ போயிடுச்சு... ம்ஹூம். புடிக்கல. புடிக்க மாட்டேங்குதே... மூஞ்சி சுத்தமா புடி—"

நிறுத்தினாள்.

கேமரா கண்ணிலேயே இருந்தது. விரல் வளையத்திலேயே நின்றது. கீழே யாரோ லோரியிலிருந்து இரும்புக் கம்பி இறக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. மாரிஸ் சொல்ல வேண்டியதையெல்லாம் அவளே சொல்லிவிட்டாளே!

முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து எழப்போனான். அழுகை இல்லை. அவள் சிரித்தாள். சத்தம் போட்டு, வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டு, மூடாத இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிய, அவள் சிரித்தாள். பாதி முகம்தான் சிரித்தது. அந்தப் பாதியே அந்த வீட்டுக்குத் தாராளமாகப் போதும். அதைப் படம் பிடிக்கலாம் என்றால் கேமரா அவள் கையில் இருக்கிறது! சிரித்த சிரிப்பில் அவள் விரல் பட்டனை அமுக்கிவிட்டது. க்ளிக் என்றது.

"கிறுக்கச்சி நான்," என்றாள் சிரிப்புக்கு நடுவில். "பத்து நாளு. பத்து நாளு சொவத்தைப் பாத்து சாப்பிட்டேன், கிறுக்கச்சி."

"நான்தான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்," என்றான் மாரிஸ். அவள் வந்து அவன் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு கையை எடுக்கவில்லை, அப்படியே வைத்திருந்தாள். மாஸ்க் தாடையில்தான் கிடந்தது.

படத்தை இருவரும் பார்த்தார்கள். கொஞ்சம் கோணலாக இருந்தது. அவன் நெஞ்சில் குத்தியிருந்த பெயர் அட்டை எழுத்து எழுத்தாகப் படிக்கிற அளவுக்குத் தெளிவு. முகம் லேசாக மங்கல். தூங்காத கண், நரைத்த தாடி, வியர்வைச் சட்டை. ஆனால் அந்த முகம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. நாலு வருஷம் கழித்து அவள் சத்தம்போட்டுச் சிரிப்பதைப் பார்த்தவன் முகம்.

"நல்லா இல்ல. வேற எடு," என்றான்.

"இதான்," என்றாள். வேறு எடுக்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் கோயில் நிரம்பிவிட்டது. தம்பதிகளை ஜோடி ஜோடியாகப் பீடத்துக்கு முன்னால் கூப்பிட்டார்கள். மேலே ஸ்கிரீனில் அவரவர் படம். எல்லாரும் பட்டுச் சேலையும் கோட்டுமாக, தோளோடு தோள் ஒட்டி, பல் தெரிய நின்றார்கள். பிறகு 'மாரிஸ் - சாந்தமேரி' என்று பெயர் வந்தது. படத்தில் மாரிஸ் மட்டும், டிப்போ யூனிஃபார்மில், மங்கலாக, வாயைப் பிளந்துகொண்டு. கோயிலில் ஒரு சலசலப்பு. சிலர் சிரித்தார்கள். படம் மாறிப்போய்விட்டது என்று நினைத்து கேரன் பதறிப்போனாள். மைக்கிலேயே கேட்டுவிட்டாள்.

"அங்கிள், படத்துல ஆன்டி எங்க?"

பக்கத்தில் நின்றவளை மாரிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது. அவள் கை மேலே போனது மட்டும் தெரிந்தது. ஒரு காதிலிருந்து கயிற்றை எடுத்தாள், இன்னொரு காதிலிருந்தும் எடுத்தாள். மாஸ்க்கை மடித்து, கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு கேரனிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள். கோயில் முழுக்க அந்த முகத்தைப் பார்த்தது.

"நான் இதுல இல்லம்மா," என்றாள். "நான்தான் இவரைப் புடிச்சேன்."